முப்பத்திரண்டில் ஒருவர்

பெங்களூரில் ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில், மாணவர்கள் ஏன் தேறுவதில்லை என்று கண்டுபிடிக்க எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அன்று அங்கே லிஃப்ட் பராமரிப்புப் பிரிவில் முப்பத்திரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். குழு தன் வேலையை முடித்தபோது ஒருவர் மிச்சமிருந்தார். இடையில் நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். யாரையும் அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கோப்பு இருந்தது.

மிச்சமிருந்தவர் பெயர் சங்கமித்ரா. வயது முப்பத்தாறு. வீடு மர்ஃபி டவுனில். வைட்ஃபீல்டில் இருபத்திரண்டு மாடி அபார்ட்மென்ட் ஒன்றில், மதியம் ஒரு மணியிலிருந்து ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒருநாள் அங்கே சர்வீஸ் லிஃப்டில் துடைப்பமும் வாளியுமாக நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்தவர் லிஃப்ட் கம்பெனியின் மேஸ்திரி ரங்கா. வெளியே வந்தவர்கள் பொதுவாகத் தண்ணீர் கேட்பார்கள், அல்லது திட்டுவார்கள். சங்கமித்ரா கேட்டது வேறு.

“இது ஏங்க கீழ விழல?”

ரங்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. மோட்டார் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நமக்கும் அது தெரிந்திருப்பது நல்லது. லிஃப்டை மோட்டார் தனியாகத் தூக்குவதில்லை. கயிற்றின் ஒரு பக்கம் நாம் நிற்கும் பெட்டி, மறு பக்கம் இரும்புப் பாளங்கள். பெட்டியின் எடையோடு, அது சுமக்கும் ஆட்களின் எடையில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்ததுதான் அந்தப் பாளங்களின் எடை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் மோட்டார் இழுக்கிறது. பெட்டி அளவுக்கு மேல் வேகமெடுத்தால், அது ஓடும் தண்டவாளத்தை இரண்டு இரும்புத் தாடைகள் கவ்விப் பிடித்துவிடும்.

சங்கமித்ரா கயிற்றையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “இதை எங்க படிக்கலாம்?” என்றார்.

அப்படித்தான் அவர் கல்லூரிக்கு வந்தார். காலை எட்டு முதல் பதினொன்று வரை வகுப்பு. பிறகு மெட்ரோ பிடித்து வேலைக்கு. ஒரு வருடப் படிப்பு. ரங்கா வாக்குக் கொடுத்திருந்தார்: “மே முப்பத்தொண்ணுக்குள்ள சர்ட்டிஃபிகேட் தாம்மா. ஜூன் ஒண்ணாந் தேதி டெக்னீஷியனா சேர்த்துக்கறேன். அதுக்கு மேல கம்பெனி காத்திருக்க மாட்டாங்க, ஆள் ரெடியா நிக்கறான்.” ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தமும் அதே மே முப்பத்தொன்றாம் தேதி முடிந்து, வேறு ஏஜென்சி வருகிறது, அவர்கள் முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை. ஆகவே சங்கமித்ராவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. செய்முறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

கல்லூரியில் பயிற்சிக்கென்று நிஜமான லிஃப்ட் ஒன்று இருந்தது. தரைத்தளமும் மூன்று மாடியும். உள்ளே ‘6 பேர், 408 கிலோ’ என்று தகடு. அதைப் பிரிக்கலாம், மாட்டலாம், கெடுக்கலாம், சரிசெய்யலாம். ஆசிரியர் சிரில் அதைத்தான் இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

குழு இங்கேதான் வருகிறது.

முந்தைய வருடம் நாற்பத்தொரு சதவீதம் பேர்தான் தேறியிருந்தார்கள். நிதி கொடுக்கும் அமைப்பு தொண்ணூறு கேட்டது. எட்டுப் பேர் குழு அமைக்கப்பட்டு, அதற்கென்று மாணவர் வெற்றி மையம் மூன்றாவது மாடியில் திறக்கப்பட்டது. இயக்குநர் கோதண்டராமன் திறப்பு விழாவில் பேசினார்.

“இந்தக் கல்லூரியில் முப்பது வருடமாக வகுப்புகள் நடக்கின்றன. கிடைத்த பலன் நாற்பத்தொரு சதவீதம். ஆக, வகுப்பு நடத்திப் பார்த்தாகிவிட்டது. இனி மாணவருக்குக் கற்பிப்பதோடு நிற்க மாட்டோம். மாணவரின் வெற்றியை நிர்வகிப்போம். இதில் மாணவர்களுக்கு எந்தச் சிரமமும் இருக்காது. தேவைப்பட்டால் அவர்கள் இல்லாமலே கூடச் செய்துவிடலாம்.”

கைதட்டல் நன்றாகவே இருந்தது.

மையம் மூன்றாவது மாடியில் இருந்ததால் உறுப்பினர்கள் மேலே போக லிஃப்ட் தேவைப்பட்டது. கட்டிடத்தில் இருந்த ஒரே லிஃப்ட் பயிற்சி லிஃப்ட். எனவே கூட்டம் நடக்கும் நாட்களில் அதைப் பிரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. முதலில் வாரத்துக்கு இரண்டு கூட்டம். தீபாவளிக்குப் பிறகு நான்கு. பொங்கலுக்குப் பிறகு தினமும். சிரில் லிஃப்டைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினார். நன்றாகவே வரைவார். கதவு திறந்திருக்கும் படம் ஒன்று, மூடியிருக்கும் படம் ஒன்று.

நிஜ லிஃப்டைத் தொட சங்கமித்ராவுக்கு வைட்ஃபீல்டில் மட்டுமே வாய்ப்பு. சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸோடு ரங்காவின் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்விடுவார்.

அடுத்து மென்பொருள் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது மிகவும் சுவையானது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விளக்கு. ஒழுங்காக வந்தால் பச்சை. ஒரு நாள் தவறினால் மஞ்சள். மஞ்சளான பிறகு மூன்று மணி நேரம் தவறினால் சிவப்பு. மஞ்சளானவரை உடனே கைதூக்கிவிட ஒரு வழிகாட்டி.

மெட்ரோ நடுவழியில் நின்றுபோன ஒரு நாள் சங்கமித்ரா வகுப்புக்கு வர முடியவில்லை. மஞ்சளானார். அவருக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி தீபிகா, குழுவின் செயலாளர். கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆன, உண்மையாகவே நல்ல பெண்.

“அக்கா, வாராவாரம் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நாம மீட் பண்றோம். நீங்க ஏன் கிளாஸுக்கு வரலைங்கிறதைப் பத்திப் பேசுறோம்.”

“வியாழக்கிழமை ஒன்பது மணி எனக்குக் கிளாஸ் மேடம்.”

“அதான்க்கா, அந்த நேரம் நீங்க காலேஜ்லதான் இருப்பீங்க. உங்க வசதிக்குத்தான்.”

வியாழக்கிழமை சங்கமித்ரா தீபிகாவின் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் மணியடித்தது. திரையைப் பார்த்துவிட்டு நீட்டினார்.

“நான் கிளாஸ்ல இல்லைன்னு மெசேஜ் வந்திருக்கு மேடம்.”

தீபிகா வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஆமாக்கா. சிஸ்டம் கரெக்டா வேலை செய்யுது.”

இரண்டாவது வியாழனோடு தவறியது மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. விளக்கு சிவப்பானது. சிவப்பானவர்கள், வெற்றிக்குத் தடையாக இருப்பது எது என்று ஒரு படிவத்தில் தெரிவிக்க வேண்டும். சங்கமித்ரா, “இந்த மீட்டிங்தான்” என்றார். தீபிகா கணினியில் தேடினார். பட்டியலில் பதினான்கு தடைகள் இருந்தன: குடும்பச் சூழல், தன்னம்பிக்கைக் குறைவு, ஊட்டச்சத்து, இப்படி. கூட்டம் இல்லை.

“இதுல நெருங்கி வர்றது நேர மேலாண்மைதான்க்கா. அதைப் போட்டுடறேன்.”

நேர மேலாண்மைப் பயிலரங்கு செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு. சங்கமித்ரா போனார். அன்று செவ்வாய் வகுப்பும் போயிற்று. நாலு செவ்வாய் கழிந்ததும் விளக்கு அடர்சிவப்பானது. அந்த நிறம் அதுவரை மென்பொருளிலேயே இல்லை, அவருக்காகச் சேர்த்தார்கள். அடர்சிவப்புக்குத் தினசரி மீட்புக் கூட்டம். மீட்புக் கூட்டத்தில் தேநீரும், நம்மூர்த் தட்டை மாதிரியான நிப்பட்டும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிரில் மாடிப்படி ஏறி வந்து கேட்டார். “மேடம், அந்தம்மாவைக் கொஞ்சம் கீழ அனுப்ப முடியுமா? லிஃப்ட் வேகம் மீறாம பாத்துக்கற கவர்னர் பாடம் நடத்தணும்.”

“சார், அவங்க ரொம்ப ரிஸ்க்ல இருக்காங்க.”

“கீழதான மேடம் கிளாஸ் இருக்கு?”

“அதான் சார் ரிஸ்க்கே. கிளாஸ்ல அவங்க பின்தங்கியிருக்காங்க. அங்க போய் உக்காந்தா மனசு கஷ்டப்படுவாங்க.”

சிரில் ஒரு நிப்பட்டு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று மாலை கவர்னர் பாடத்தை மூன்று தாளில் படமாக வரைந்து சங்கமித்ராவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

பிப்ரவரியில் குழு தன் முதல் கணக்கைப் போட்டது. முப்பத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் சிவப்பு. கூட்டங்கள் கூடக்கூடச் சிவப்பும் கூடுவதைக் கோதண்டராமன் கவனிக்கத் தவறவில்லை. “தேவை எவ்வளவு அதிகம் பாருங்கள்” என்றார்.

இந்த இடத்தில்தான் குழு சதவீதம் என்பதைக் கூர்ந்து பார்த்தது. சதவீதம் ஒரு பின்னம். மேலே தேறியவர்கள், கீழே படிப்பவர்கள். மேலே இருக்கும் எண்ணைக் கூட்ட வேண்டுமானால் யாராவது யாருக்காவது லிஃப்டைச் சொல்லித்தர வேண்டும். கீழே இருக்கும் எண்ணைக் குறைக்க ஒரு படிவம் போதும். இரண்டிலும் சதவீதம் ஏறும். எது சிக்கனம் என்று எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

விக்கி என்ற மாணவன் படிப்பை விட்டுவிட்டு கேப் ஓட்டப் போய்விட்டான். அவனை ‘முன்கூட்டிய வெற்றி’ என்ற பிரிவில் போட்டார்கள். கல்யாணமாகி ஓசூர் போன பெண் ‘இடம்பெயர்ந்த வெற்றி’. கணக்கில் பலவீனமாக இருந்த ஒன்பது பேர் ‘ஒத்திவைக்கப்பட்ட வெற்றி’. நன்றாகப் படித்த நாலு பேர்கூடப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் ‘உறுதியான வெற்றி, ஆகவே தேர்வு தேவையில்லை’. மீதிப் பதினாறு பேருக்கும் இப்படி ஏதோ ஒரு வெற்றி கிடைத்தது.

“விக்கி பாஸ் பண்ணலையே சார்” என்றார் சிரில்.

“ஃபெயிலும் ஆகவில்லையே” என்றார் கோதண்டராமன். “நாங்கள் ஆராய்ந்து பார்த்தோம் சிரில். இந்தக் கல்லூரி வரலாற்றில் தோல்வியடைந்த ஒவ்வொருவரும் தேர்வு எழுதியவர்தான். ஒருவர்கூட விதிவிலக்கில்லை.”

ஏப்ரல் முடிவில் முப்பத்தொரு பேர் வெற்றிகரமாக நீக்கப்பட்டிருந்தார்கள். சங்கமித்ரா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

“என் வெற்றியை என் விருப்பப்படி ஒத்திவைக்கிறேன்னு எழுதியிருக்கு மேடம். நான் ஒத்திவைக்கலையே.”

“ஒரு சைன்தான்க்கா. போட்டுட்டா நீங்க ரிலீவ் ஆயிடுவீங்க.”

“முப்பத்தொண்ணாந் தேதி வேலையிலேர்ந்தே ரிலீவ் ஆகப்போறேன் மேடம். அதுக்குள்ள பரீட்சை எழுதணும். ரங்கா சாருக்கு ஒரே சீட்டுதான் இருக்கு.”

தீபிகா பேனாவை மூடிவைத்தார். அது குழுவில் பதிவாகவில்லை.

கோதண்டராமன் அவசரக் கூட்டம் கூட்டினார். “ஒரு மாணவர் நம் உதவியைத் தாண்டி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். இது நம் அமைப்பின் ஓட்டை. அவர் தேறினால் நூறு சதவீதம். தேறாவிட்டால் பூஜ்யம். ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்தை, ஒரு துடைப்பம் பிடிக்கும் அம்மாளின் படிப்பை நம்பி விட முடியுமா?”

யாரோ வருகைப் பதிவைப் பார்க்கச் சொன்னார்கள். தேர்வு எழுத எண்பது சதவீதம் வேண்டும். சங்கமித்ராவுக்கு ஐம்பத்தெட்டு. அறையில் நிம்மதி பரவியது. அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நிதி அமைப்பின் இணையதளத்தில் எண்களைப் போட்டார்கள்: தேர்வு எழுதியவர் பூஜ்யம், தோற்றவர் பூஜ்யம், தேறியவர் பூஜ்யம். பொத்தானை அழுத்தினார்கள்.

இணையதளம் ஏற்கவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

கணித விரிவுரையாளரைக் கூப்பிட்டார்கள். “அதுக்கு விடை கிடையாது சார்” என்றார் அவர்.

“தோராயமாக?”

“தோராயமாவும் கிடையாது சார்.”

“யாருமே தோற்கவில்லை என்றால் எல்லோரும் வென்றதாகத்தானே அர்த்தம்?”

“யாரு சார் எல்லோரும்?”

விரிவுரையாளரை அனுப்பிவிட்டார்கள். ஆனால் இணையதளத்தை அனுப்ப முடியவில்லை. பின்னத்தின் கீழே குறைந்தது ஒன்று இல்லாமல் அது எண்களை ஏற்காது. மூன்று நாள் முயன்றார்கள். நான்காம் நாள், ஒரு மாணவர் தேவை என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒருவர். அவருடைய வருகையை எப்படி உயர்த்துவது? கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராதவர்களுக்கு ஓ.டி. என்று ஒரு சலுகை உண்டு. வராத நேரமும் வந்ததாகக் கணக்கு. சங்கமித்ரா தவறவிட்ட மணிகளில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாவது மாடியில் கழிந்தவை. தீபிகா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஓ.டி. படிவம் எழுதினார். அறுபத்திரண்டு படிவம். கோதண்டராமன் அறுபத்திரண்டிலும் கையெழுத்திட்டார். ‘காரணம்’ என்ற இடத்தில், ‘மாணவி கல்லூரியின் வெற்றிக்காக உழைத்துக்கொண்டிருந்தார்’ என்று எழுதப்பட்டிருந்தது.

மே இருபத்தொன்பது, தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லட்சுமம்மா, முப்பது வருடம் லிஃப்ட் ஓடும் குழிகளில் ஏறி இறங்கியவர். பேச்சில் பாதி கன்னடம், கையில் டார்ச். லிஃப்டில் ரகசியமாக ஒரு பழுதை வைத்துவிட்டு வந்தார்.

“நோடம்மா, பாத்துக்கோ, முக்கா மணி நேரம். என்ன கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடி, சரி பண்ணு, தரையிலேர்ந்து மூணாவது மாடிக்கு என்னை ஏத்திட்டுப் போ. அஷ்டே, அவ்வளவுதான். பாதுகாப்புக் கருவி எதையாவது கழட்டிவிட்டு ஓட்டினா அப்பவே ஃபெயில்.”

லிஃப்ட் ஓட வேண்டுமானால் எல்லா மாடிக் கதவுகளும் மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறிய மின் தொடுப்பு, எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்று தொடாவிட்டாலும் பெட்டி அசையாது. சங்கமித்ரா ஒவ்வொரு மாடியாகச் சோதித்துக்கொண்டு போனார். இரண்டாவது மாடித் தொடுப்பில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. எடுத்தார், துடைத்தார், இறங்கி வந்தார். இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சிரில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இனி மூன்று மாடி ஏறினால் போதும். அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. குழு வந்துகொண்டிருந்தது, புகைப்படக்காரரோடு.

“இந்தத் தருணத்தில் இவரைத் தனியாக விட மாட்டோம்” என்று சொல்லியபடி கோதண்டராமன் லிஃப்டுக்குள் நுழைந்தார். பின்னால் குழுவின் மற்ற ஏழு பேர். சங்கமித்ராவோடு ஒன்பது பேர் ஆயிற்று. லட்சுமம்மாவுக்கு நிற்க இடமில்லை. பஸ்ஸர் அலறத் தொடங்கியது.

பெட்டிக்கு அடியில் எடையை உணரும் கருவி ஒன்று உண்டு. அளவு மீறினால் கதவு மூடாது, பெட்டி நகராது, பஸ்ஸர் நிற்காது. அதனிடம் பதவி எடுபடாது. அதற்குக் கிலோ மட்டும்தான் தெரியும்.

“சார், ஆள் அதிகம். இறங்கிக்குங்க” என்றார் சங்கமித்ரா.

“உங்கள் பதற்றம் புரிகிறது” என்றார் கோதண்டராமன். “அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்த முடியுமா?”

“நிறுத்தினா ஃபெயில் சார்.”

“அப்படியானால் யாராவது இறங்கலாம்” என்று அவர் பொதுவாகச் சொன்னார். யாரும் அசையவில்லை. தரக் கட்டுப்பாட்டு உறுப்பினர், தான் இறங்கினால் தரம் யார் பார்ப்பது என்று கேட்டார். ஊக்க உறுப்பினர், ஊக்கம் இல்லாமல் மேலே போவது ஆபத்து என்றார். ஆவண உறுப்பினர் நடப்பதை எழுதிக்கொண்டிருந்ததால் கேள்வி அவர் காதில் விழவில்லை. தீபிகா மட்டும் பேசாமல் இறங்கினார். எட்டுப் பேர். பஸ்ஸர் அலறிக்கொண்டே இருந்தது.

லட்சுமம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஒன்பது நிமிஷம்தான் பாக்கி இதே. பெட்டில யாரு இருந்தாலும் உன் பொறுப்புதான்ம்மா. டெக்னீஷியன்னா ஜனங்களையும் இறக்கத் தெரியணும்.”

சங்கமித்ரா பெட்டியின் உள்ளே பார்த்தார். சட்டைகள், அடையாள அட்டைகள், புன்னகைகள். கெஞ்சினால் இறங்க மாட்டார்கள். திட்டினால் ஆலோசனை தருவார்கள். ஆனால் அறுபத்திரண்டு கூட்டங்களில் அவர்களோடு உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு இயந்திரம் எதற்கு அசைகிறது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

“தீபிகா மேடம், லிஃப்ட்ல கூட்டம் அதிகமா இருக்கு. இதைப் பத்தி ஒரு மீட்டிங் போட்டுடுங்க. லைப்ரரில. இப்பவே.”

தீபிகா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு போனில் வேகமாகத் தட்டினார். லிஃப்டுக்குள் ஏழு போன்கள் ஒன்றாக மணியடித்தன.

“அவசரமா?” என்று கேட்டார் கோதண்டராமன்.

“ரொம்ப அவசரம் சார்” என்றார் தீபிகா. “நீங்கதான் தலைமை.”

அவர்தான் முதலில் இறங்கினார். மற்றவர்கள் நல்ல நாற்காலி கிடைக்க வேண்டுமே என்று பின்னாலேயே ஓடினார்கள். பஸ்ஸர் நின்றது. அந்த அமைதியில் லட்சுமம்மா உள்ளே வந்து நின்று, “நட்ரீ, போகலாம்” என்றார். கதவு மூடியது. மூன்றாவது மாடியில், தரையோடு தரையாக, ஒரு விரல்கடை வித்தியாசம்கூட இல்லாமல் பெட்டி நின்றது. லட்சுமம்மா குனிந்து அதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சிரில் கையோடு சான்றிதழை வாங்கிக் கொடுத்தார். ஜூன் ஒன்றாம் தேதி சங்கமித்ரா வைட்ஃபீல்டில், தான் துடைத்துக்கொண்டிருந்த அதே கட்டிடத்தில், டூல் பையோடு வேலைக்குச் சேர்ந்தார்.

லைப்ரரிக் கூட்டம் மாலை வரை நடந்தது. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. இணையதளம் ஒன்றை ஒன்றால் வகுத்து நூறு சதவீதம் என்று பச்சையில் காட்டியது. பாராட்டு விழாவில் கோதண்டராமனுக்கு மைசூர் தலைப்பாகை வைத்தார்கள். அவர் அடுத்த வருடத் திட்டத்தை அறிவித்தார்.

“முப்பத்திரண்டு பேரைச் சேர்த்து முப்பத்தொருவரை நீக்குவது பெரும் உழைப்பு. இனி ஒரே ஒரு மாணவரைச் சேர்ப்போம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் எந்த ரிஸ்க்கும் எடுக்க மாட்டோம்.”

ஜூன் இரண்டாம் வாரம் சங்கமித்ராவுக்குத் தீபிகாவிடமிருந்து போன் வந்தது. அவர் அப்போது ஒன்பதாவது மாடியருகே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்த வருஷம் அட்மிஷன் உங்களுக்குத்தான். ஒரே சீட்டு. இயக்குநர் சார் உங்களைத்தான் சேர்க்கச் சொல்லியிருக்கார்.”

“என்ன படிப்பு மேடம்?”

“அதேதான்க்கா. லிஃப்ட் பராமரிப்பு.”

“அதைத்தான் நான் முடிச்சிட்டேனே.”

மறுமுனையில் தீபிகா ஒரு பெருமூச்சு விட்டார்.

“அதனாலதான்க்கா உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”